வால்நட்சத்திரமும் சின்னவள் வீட்டு விளக்கும்

எக்ஸ்ரே அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் இன்னொரு பெயரும் உண்டு. வெந்நீர். காலில் யாரோ வெந்நீரை ஊற்றிவிட்டதுபோல எந்நேரமும் ஓடுகிறாள் என்று ஊசி போடுகிற சிஸ்டர் ஒருத்தி வைத்த பெயர். அவள் காதுபடவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். நின்றால்தானே கோபம் வரும். அதற்குள் அடுத்த அறையில் இருப்பாள்.

இந்தக் கால் பரபரப்பு அவள் அம்மா வழியில் எல்லாருக்கும் உண்டு. பெரிய மாமா ஒருவர், ரயில் தாமதம் என்று சொன்னதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்து ஓரமாகவே அடுத்த ஸ்டேஷனுக்கு நடந்தவர். பாதி வழியில் ரயில் அவரைத் தாண்டிப் போனது. அவர் அதற்கும் கை காட்டினாராம். அந்த மாமாவின் கடைசித் தங்கைதான் இவள் அம்மா. பால் காய்கிறவரை அடுப்படியில் நிற்க மாட்டாள். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து, பாதி நாள் பாலை அடுப்புதான் குடிக்கும். அவள் வயிற்றில் பிறந்த இவளுக்கு மட்டும் எப்படி ஓரிடத்தில் இருப்புக் கொள்ளும்?

வேடிக்கை என்னவென்றால் இவள் பார்க்கிற வேலை அப்படி. காலையிலிருந்து ஊரையே அசையாதே என்று சொல்கிற வேலை. "நெஞ்ச ஒட்டி நில்லுங்க. மூச்ச இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. ம்ம், விடுங்க." அவர்கள் மூச்சை விடுவதற்குள் இவள் கதவைத் திறந்து, "அடுத்தது யாரு?" என்று கேட்டிருப்பாள்.

வானத்தைப் படம் எடுக்கிற பைத்தியம் இவளைப் பிடித்தது ஒரு கை ஒடிந்த மனிதரால். பேங்கில் காசாளர் அவர். மாடிப்படியிலிருந்து உருண்டு வந்திருந்தார்.

"எப்படி விழுந்தீங்க?"

"நிலாவப் படம் எடுக்கப் போய்."

"நிலா கைக்கு எட்டலயாக்கும்? எக்கிப் பிடிக்கப் பாத்தீங்களா?"

"கை போனாப் போகுதும்மா. படத்தப் பாருங்க." நல்ல கையால் போனை நீட்டினார்.

இவள் பாதி எரிச்சலோடுதான் பார்த்தாள். பார்த்தவள் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பள்ளமும் மேடுமாக, ஓரத்தில் நிழல் விழுந்து, அரித்துப்போன எலும்பு ஒன்றைப் படம் பிடித்ததுபோல இருந்தது. எலும்பு பார்த்தே பழகிய கண் அல்லவா, அது சட்டென்று ஒட்டிக்கொண்டது. தினமும் தலைக்கு மேலே போகிற நிலா இப்படியா இருக்கும்? இத்தனை வருஷம் இதைப் பார்க்காமல் எங்கே ஓடிக்கொண்டிருந்தோம் என்று ஒரு பதற்றம் வந்தது. கை ஒடிந்த மனிதர், "கட்டுப் போடலாமா இனிமே?" என்று கேட்ட பிறகுதான் போன் அவர் கைக்குப் போனது.

அன்றைக்குச் சாயங்காலமே மொட்டை மாடி ஏறினாள். போனில் வந்தது ஒரு வெள்ளைப் பொட்டு. மறுநாளும் அதே பொட்டு. விடுவாளா? போனிலேயே பாடம் கேட்டாள், சமைக்கும்போது, பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில். கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டூடியோக்காரர் கழித்துக்கட்டிய கேமரா ஒன்றையும் முக்காலி ஒன்றையும் வாங்கி வந்தாள்.

முதலில் எடுத்த நட்சத்திரப் படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு சின்னக் கோடாக இருந்தது. முக்காலி ஆடிவிட்டது என்று செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். அப்போதும் கோடு. பிறகுதான் புரிந்தது, ஆடியது முக்காலி இல்லை. கேமரா கண்ணைத் திறந்து வைத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வானமே நகர்ந்துவிடுகிறது. மேலேயும் ஒன்றும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று தெரிந்ததில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கணவரை எழுப்பி அதைச் சொன்னாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் ஏறி இறங்கிவிட்டு, வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் சாய்ந்து, அதிலேயே விளைந்த மனிதர்போல இருப்பார். "எல்லாம் ஓடுதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? நான் ஒருத்தனாவது சும்மா இருக்கேன், விடு" என்று திரும்பிப் படுத்தார். ஆனாலும் நல்ல மனுஷர். வானம் நகர்கிற அதே வேகத்தில் கேமராவைத் திருப்பிக்கொண்டே போக ஒரு சின்ன மோட்டார் உண்டு என்று அவள் சொன்னதும், அதை வரவழைத்து, பிரித்துப் பார்த்து, எண்ணெய் போட்டுக் கொடுத்தார். அந்த மோட்டாரின் அச்சு சரியான திசையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தினமும் திசை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று முக்காலியின் மூன்று கால்களுக்கும் மாடித் தரையில் சிவப்புப் பெயின்டால் அடையாளமும் வைத்துத் தந்தார்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டாள். மங்கலானதை ஒரே படத்தில் பிடித்தால் படமெல்லாம் புள்ளி புள்ளியாக, மணலை வாரி இறைத்ததுபோல இருக்கும். அதையே நூறு படமாக எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மணல் உதிர்ந்துபோய், உள்ளே இருப்பது மட்டும் தங்கும். இது அவளுக்கு யாரும் சொல்லிப் புரிய வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் கதிரைக் குறைத்தால் இதே மணல்தான் விழும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. நூறு படம் எடுக்கிறவரை அவளால் நிற்க முடியவில்லை. மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். நடக்க நடக்கத் தளம் அதிர்ந்து, நட்சத்திரமெல்லாம் இரட்டையாக விழும். "கீழ வந்து நட தாயே. வீட்டுக்குள்ள எவ்வளவு வேணா நட" என்று அவர் மாடிப்படியிலிருந்து கெஞ்சுவார். கீழே வந்து நடப்பாள். ஆனால் என்ன ஆயிற்றோ என்று பார்க்க நாலு தடவை மேலே ஓடுவாள். அப்படியும் தட்டுத் தடுமாறி, வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே பஞ்சுபோலத் தெரியுமே, அந்தச் சிவப்பு மேகத்தைப் பிடித்துவிட்டாள். விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்கு அனுப்பினாள். "அம்மா, இது யாரோட நுரையீரல்?" என்று பதில் வந்தது.

ஒன்று முடிந்தால் நிம்மதி வர வேண்டும். இவளுக்கு வராது. அடுத்தது, அதற்கடுத்தது. அப்படி இருக்கிறவளிடம்தான் வால்நட்சத்திரம் வந்து சேர்ந்தது.

இதற்கு முன்னால் ஒன்று வந்தபோது அவளுக்குச் சாயங்கால ஷிப்ட். மாற்றிக்கொண்டு வருவதற்குள் மழை பிடித்து, மழை விடுவதற்குள் அது போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சல் அப்படியே கிடந்தது. இந்தத் தடவை செய்தி வந்த அன்றே ஷிப்டை மாற்றி வாங்கினாள். சூரியன் இறங்கிய பிறகு, இருட்டுவதற்கு முன்னால், மேற்கே தாழ்வாகக் கொஞ்ச நேரம் தெரியும். ஒவ்வொரு நாளும் இன்னும் தாழ இறங்கும். வாரக் கடைசிக்குள் சூரியன் பக்கம் போய் மறைந்துவிடும். அப்புறம் இவள் பேரன் பேத்திக்குப் பேரன் பேத்தி வந்தாலும் அது வராது.

மாடிக்கு ஓடி மேற்கைப் பார்த்தாள். மேற்கே இருப்பது சின்னவள் வீடு. அவள் மாடிக் கைப்பிடிச் சுவரில், ஒரு கம்பத்தின் உச்சியில், அந்த விளக்கு.

சின்னவள் என்றால் இவள் கணவரின் தம்பி பெண்டாட்டி. அண்ணனும் தம்பியும் ஒரே மனையில் இரண்டு வீடு கட்டி, நடுவே இடுப்புயரச் சுவர் வைத்தவர்கள். தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். சின்னவள் வண்ண மீன் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். மாடி முழுக்க அவளுடைய மீன் தொட்டிகள்தான். எந்நேரமும் காற்றுக் குழாய் குமிழி விடும் சத்தம் இந்த மாடி வரைக்கும் கேட்கும். விளக்கு, ஏதாவது அசைந்தால் தானாகப் பளீரென்று எரிகிற ஜாதி. அது எரிந்தால் இவள் மாடியில் பேப்பர் படிக்கலாம். நான் படம் எடுக்க ஆரம்பித்த பிறகுதானே இவள் இதை வைத்தாள், எனக்கென்றே வைத்திருக்கிறாள் என்பது எக்ஸ்ரே அக்காவின் தீர்மானம்.

போய், கொஞ்ச நேரம் மூடு என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. பேச்சு நின்று வருஷங்கள் ஆகின்றன. ஆண்கள் பேசுவார்கள். மகள் சுவர் ஏறிக் குதித்துச் சித்தி வீட்டிலேயே பாதி வளர்ந்தாள். இவர்கள் இருவர் மட்டும் பேசுவதில்லை.

ஒரு காலத்தில் அக்கா தங்கைகூட அப்படி இருக்க மாட்டார்கள். ஒருத்திக்குத் தலைவலி என்றால் மற்றவள் மாத்திரை போடுவாள். கெட்டது எக்ஸ்ரே அறை வாசலில். தொட்டித் தண்ணீரில் வழுக்கி விழுந்த சின்னவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். இடுப்புக்குப் படம் எடுக்க வருகிற பெண் யாரானாலும் வயிற்றில் பிள்ளை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அது சட்டம். அன்றைக்குக் கூட்டமான கூட்டம். இவள் வாசலில் நின்றபடியே, எல்லாரிடமும் கேட்பதுபோல, "வயித்துல ஒண்ணும் இல்லல்ல?" என்று குரல் கொடுத்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் பிள்ளை இல்லாதவள் சின்னவள். போகிற இடமெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் புண்ணானவள். எழுந்தாள், நொண்டிக்கொண்டே வெளியே போனாள், படமும் எடுக்கவில்லை. அன்றோடு சரி.

"ரூல்ஸ் அது. ராணியே வந்தாலும் கேக்கணும்" என்பதுதான் இன்றுவரை எக்ஸ்ரே அக்காவின் பேச்சு.

ஆகவே முதல் நாள் சாயங்காலம் அவள் சின்னவளிடம் போகவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி மாடிக்கே போனாள். அங்கே ஏசி மெஷின்கள் வரிசையாக உறுமின. தளமே நடுங்கியது. சலவைக் கூடத்துப் புகைபோக்கியின் சூடான காற்றில் மேற்கு வானம் கொதிக்கிற தண்ணீர்போல நெளிந்தது. போதாததற்குக் காவல்காரர் வேறு பின்னாலேயே வந்து, "சீக்கிரம் எறங்கும்மா, என் வேலைக்கு உல வச்சிராத" என்று அரித்தெடுத்தார். எடுத்த படத்தில் வால்நட்சத்திரம் தண்ணீரில் கரைத்த சோப்புபோல இருந்தது.

இரண்டாம் நாள் வேறு வழியில்லாமல் தன் மாடியிலேயே, சிவப்பு அடையாளத்தில் முக்காலியை நிறுத்தினாள். வானம் ஆரஞ்சாகி, ஊதாவாகி, அதற்குள்ளிருந்து அது தெரிந்தது. வெறும் கண்ணுக்கு ஒரு நகக்கீறல். கேமராத் திரையில் தலையும், மேல்நோக்கி விரிந்த வாலும். விரலால் பொத்தானைத் தொட்டால் ஆடும் என்று தூரத்திலிருந்தே அமுக்கும் ரிமோட்டை எடுத்தாள். ஒன்று, இரண்டு எடுத்திருப்பாள். பளீர்.

சாம்பல் நிறப் பூனை ஒன்று சின்னவள் வீட்டுக் கைப்பிடிச் சுவரில் நடந்து போனது. விளக்கு எரிந்து, படம் வெள்ளைத் துணியானது. அணைந்தது. மறுபடி எடுத்தாள். பூனை திரும்பி நடந்தது. பளீர். வேண்டுமென்றே செய்வதுபோல நடு வழியில் உட்கார்ந்து காலை நக்கியது.

எக்ஸ்ரே அக்காவுக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. காலடியில் கிடந்த வாளியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"ஏ வாளி, பாத்தியா? சில பேருக்கு மனசு எரியறது பத்தாதுன்னு வெளக்கு வேற எரியுது."

அந்தப் பக்கம், தொட்டிகளுக்குப் பின்னால், சின்னவள் மீன் வலையை உதறுகிற சத்தம் நின்றது.

"ஏ பூன, உன்னத்தான். அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க வெளக்கு போடுவாங்க. வானத்த யாராவது வெலைக்கா வாங்கியிருக்காங்க?"

"வாளி, நீயே சொல்லு. ஒரு பூனைக்கு இவ்வளவு பெரிய வெளக்கா? கப்பலுக்கு வழி காட்டறாப்பல இருக்கு."

"பூன, நீ கேட்டுக்க. ஒரு தொட்டி மீன மொத்தமா தின்னுட்டுப் போனியே, அன்னிக்கு வச்ச வெளக்கு இது. எல்லாம் தனக்குன்னே நடக்குதுன்னு நெனைக்கறவங்களுக்கு அது தெரியாது. எங்க எதக் கேக்கணும், எப்படிக் கேக்கணும்னும் தெரியாது."

எக்ஸ்ரே அக்கா மேற்கைப் பார்த்தாள். நகக்கீறல் சின்னவள் மாடிக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது.

கீழே வந்து முக்காலியைச் சாத்திய வேகத்தில் சுவரிலிருந்து காலண்டர் விழுந்தது. அவர் நாற்காலியிலிருந்தே, "போய்க் கேளேன்" என்றார்.

"யார? அவளையா?"

"இல்ல, வால்நட்சத்திரத்த. கொஞ்சம் மேல ஏறி நில்லும்மான்னு கேளு."

"நான் எதுக்குப் போகணும்? நான் என்ன தப்பு பண்ணினேன்? கேக்காம எடுத்து, நாளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா என்னத்தானே உள்ள தள்ளுவாங்க."

"கேக்க வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? நானும்தான் லிஃப்ட் பாக்கப் போற எடத்துல ஆள் உள்ள இருக்காங்களான்னு கேக்கறேன்." அவர் காலண்டரை எடுத்துத் தூசி தட்டினார். "அது நாளைக்கு ஒரு நாள், மிஞ்சினா நாளன்னிக்கு. அப்புறம் நீ வாளிகிட்டத்தான் பேசணும்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் முதுகு வலி என்று ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, கூட யாரும் இல்லை. வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். எக்ஸ்ரே அக்கா வாசலில் நின்று வாயைத் திறந்தாள். கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மூடிக்கொண்டாள். பத்துப் பேரும் வேறு வேலை இல்லாமல் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் கண்டாள். அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்தி, மெதுவாகக் கேட்டாள். பெண் இல்லையென்று தலையை ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது. என்னவோ ஏதோ, சொல்லவும் இல்லை, இவளும் கேட்கவில்லை. படம் எடுத்து அனுப்பினாள். ஆனால் அதற்கப்புறம் நாள் முழுக்கக் கை ஓடவில்லை. ஒரு மனிதருக்கு வலது முழங்காலுக்குப் பதில் இடது முழங்காலைப் படுக்க வைத்துவிட்டாள். "வெந்நீரு ஆறிப்போச்சு போலயே" என்றாள் சிஸ்டர்.

வீட்டுக்கு வந்தவள் காப்பிகூடக் குடிக்காமல் மேலே போய் முக்காலியை நிறுத்தினாள், கேமராவைப் பொருத்தினாள், ரிமோட்டைச் சேலை முனையில் முடிந்தாள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று தடவை படி இறங்கி மூன்று தடவை ஏறினாள். நாலாவது தடவை இறங்கியவள் நிற்காமல் வாசலைத் தாண்டி, சின்னவள் வீட்டு கேட்டைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் அதன் கொக்கியை மாற்றியிருந்தார்கள். அதைத் திறக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினாள்.

கூடத்தில் சின்னவள் ஒரு தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். ரப்பர் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சுகிற நேரம். பேச முடியாது. கண்ணை மட்டும் அகல விரித்தாள். எக்ஸ்ரே அக்காவுக்கு அது வசதியாகப் போயிற்று. ஒரே மூச்சில் கொட்டினாள்.

"வெளக்கு. உன் மாடி வெளக்கு. கொஞ்ச நேரம். ஒரு வால்நட்சத்திரம் வந்திருக்கு, உன் மாடிக்கு மேலதான் எறங்குது. பூனைய நான் பாத்துக்கறேன். இல்ல, நான் படம் எடுக்கணும், பூனைய நீதான் பாத்துக்கணும். அணைக்க முடியலன்னா ஒரு சாக்கு போட்டு மூடு. நாளைக்கு இன்னும் தாழப் போயிடும்."

சின்னவள் குழாயை வாளிக்குள் விட்டு, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அவசரமே படவில்லை.

"இத்தன வருஷம் கழிச்சு வாசப்படி ஏறி வந்து, வெளக்கா?"

எக்ஸ்ரே அக்கா ஜன்னலைப் பார்த்தாள். வெளிச்சம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க" என்றாள் சின்னவள்.

"உக்கார நேரமில்ல."

"எப்பதான் இருந்துச்சு உங்களுக்கு?"

அவள் மறுபடி குழாயின் தொட்டிப் பக்க முனையைப் பிடித்து, தொட்டியின் அடியில் கிடந்த அழுக்கைத் தேடித் தேடி உறிஞ்ச விட்டாள். எக்ஸ்ரே அக்கா நின்றாள். கால் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"நான் அன்னிக்குக் கேட்டது..." என்று ஆரம்பித்தாள்.

"ரூல்ஸு. தெரியும். உங்க கொழுந்தன் ஆயிரம் தடவ சொல்லிட்டாரு."

"ரூல்ஸுதான். ஆனா..."

"கேட்டதுக்காகவா கோவம்னு நெனச்சீங்க?" சின்னவள் தொட்டியைப் பார்த்தே பேசினாள். "அதயெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போச்சு. அன்னிக்கு எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல அக்கா. நாள் தள்ளிப் போயிருந்துச்சு. ஒருவேள இருக்குமோன்னு... அவர்கிட்டகூடச் சொல்லல. உங்ககிட்டச் சொல்லலாம்னுதான் அந்த ஆஸ்பத்திரிக்கே வந்தேன். பக்கத்துலயே வேற எடம் இருந்துச்சு."

ஜன்னலில் சிவப்பு மங்கி ஊதா ஏறியது. எக்ஸ்ரே அக்காவுக்குத் தெரியும், அந்த ஊதாதான் நேரம். இந்நேரம் அது வெளியே வந்திருக்கும். கேமரா மேலே கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிறது. அவள் கை சேலை முனையிலிருந்த ரிமோட்டைத் தேடியது.

சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"போங்க. நேரமாச்சு உங்களுக்கு. ஆணியில சாக்கு தொங்குது, எடுத்து நீங்களே மூடிக்கங்க."

எக்ஸ்ரே அக்கா சாக்கைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பெரிய மாமாவின் ரத்தம் காலில் குதித்தது. மூன்றே எட்டில் படி, அதற்கு மேலே மாடி. ஆயிரம் வருஷத்துக்குத் திரும்பி வராத ஒன்று அங்கே இறங்கிக்கொண்டிருக்கிறது.

பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த மீன் கூடையின் மேல் உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள்.

"என்னத்தச் சொல்ல?"

"அதுக்கப்புறம் என்ன ஆச்சு?"

இவள் எழுந்துவிடுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள் போல. இவள் எழவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகல. அது இல்ல. கொஞ்ச நாள்ல தெரிஞ்சுபோச்சு. அதோட முடிஞ்சுது." சின்னவள் குழாயை நசுக்கித் தண்ணீரை நிறுத்தினாள். "வரிசையில ஒருத்தி சிரிச்சா. அதுகூடப் பரவால்ல. நான் எந்திரிச்சு நொண்டிக்கிட்டுப் போறேன், திரும்பிப் பாப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க, 'அடுத்தது யாரு?'ன்னீங்க."

எக்ஸ்ரே அக்காவுக்கு அது ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததே அவளுக்குச் சுருக்கென்றது. தினமும் நூறு தடவை சொல்கிற வார்த்தை, அதில் ஒன்று இங்கே வந்து இத்தனை வருஷம் தங்கியிருக்கிறது.

"கிட்ட வந்து கேட்டிருக்கணும் நான்" என்றாள். "நாலு அடி. அதுகூட எடுத்து வைக்கல. மன்னிச்சுக்கன்னு சொன்னா நீ மன்னிப்பியான்னு தெரியல."

"எனக்கும் தெரியல. பாப்போம்" என்றாள் சின்னவள்.

பிறகு சின்னவளே எழுந்து சாக்கை எடுத்தாள். "வாங்க, என்னதான் அதுன்னு பாப்போம்" என்று மாடி ஏறினாள். விளக்கு பளீரென்று எரிந்தது. சாக்கைப் போட்டு மூடினாள். மேற்கே வெட்டவெளிக்கு மேல் கருநீலமாக வானம் மட்டும் இருந்தது.

"எங்க?"

"போயிடுச்சு."

சின்னவள் மேற்கையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளைக்கு வருமா?"

"வரும். ஆனா இன்னும் தாழ. என் மாடிலேர்ந்து பாத்தா உன் தண்ணி டேங்க் மறைச்சிடும்."

"அப்ப இங்கேர்ந்து எடுங்க. எங்களுக்கு அந்தப் பக்கம் வெட்டவெளிதானே."

மறுநாள் எக்ஸ்ரே அக்கா மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வெயில் தாழ்வதற்கு முன்பே முக்காலியும் மோட்டாருமாகச் சின்னவள் மாடியில் நின்றாள். இங்கே தரையில் சிவப்பு அடையாளம் இல்லை. வெளிச்சத்தில் திசை பார்க்க நட்சத்திரமும் இல்லை. காந்த ஊசியை வைத்து ஒரு தடவை நிறுத்தினாள், இரும்புத் தொட்டிச் சட்டம் ஊசியை இழுக்கிறதோ என்று சந்தேகம் வந்து நகர்த்தினாள், மறுபடி நகர்த்தினாள்.

"அக்கா, அந்த முக்காலி பாவம். ஒரு எடத்துல நிக்க விடுங்க" என்றாள் சின்னவள். சாக்கைப் போட்டு விளக்கை மூடிவிட்டு, கையில் ஒரு குச்சியோடு பூனைக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள்.

சூரியன் இறங்கியது. கூடவே மேற்கே, அடிவானத்தில் ஒரு மேகம் பாய் விரித்ததுபோல வந்து படுத்தது. எக்ஸ்ரே அக்கா அதை முறைத்தாள். அது அசையவில்லை. கைப்பிடிச் சுவர் ஓரமாக நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். தொட்டியில் தண்ணீர் அலையடித்தது.

"நடக்காதீங்க, மீனெல்லாம் மெரளுது."

"மேகத்தப் பாத்தியா?"

"பாத்தேன். போகாது அது."

"போகும்."

மேகத்தின் நடுவில் ஒரு கிழிசல் விழுந்தது. அந்தக் கிழிசலுக்குள், வாலை மேலே தூக்கிக்கொண்டு அது நின்றது. எக்ஸ்ரே அக்கா ரிமோட்டை அமுக்கினாள். இன்னொரு தடவை அமுக்குவதற்குள் கிழிசல் மூடிக்கொண்டது. சின்னவள் ஓடி வந்து திரையைப் பார்த்தாள். மணல் மணலாக, ஒரு சின்ன வெள்ளைத் தீற்றல்.

"இதுவா? இதுக்கா அத்தன பாடு?"

"இது ஒண்ணு பத்தாது. நூறு வேணும். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாத்தான் வால் முழுசா வரும்."

"அப்ப எடுங்க, ஏன் நிக்கறீங்க?"

"மேகம்டி! கண்ணு தெரியலயா?"

"எனக்குத் தெரியுது. நான்தான் போகாதுன்னு அப்பவே சொன்னேனே."

"போகும். வலது ஓரம் பாரு, லேசாகுது."

"அது லேசாகல. உங்க அவசரத்துக்கு உங்களுக்கு அப்படித் தெரியுது. இடது பக்கம்தான் வெலகும்."

"இடது பக்கம் வெலகி என்ன ஆகப்போகுது? அது நிக்கறது வலதுல."

"எங்க நிக்குதுன்னு நீங்க காட்டினாத்தானே எனக்குத் தெரியும். இங்க வாங்க, கையக் காட்டிச் சொல்லுங்க."

எக்ஸ்ரே அக்கா போய் அவள் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மேகத்துக்குள் இடம் காட்டினாள். பூனை கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. குச்சி கீழே கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் தாழ. அந்த மரத்துக்கு மேல."

"சரி. இப்ப வெலகட்டும் பாப்போம்" என்றாள் சின்னவள்.